தாத்தாவின் அம்பாசடரை உரிக்கப் போகிறீர்களா? பழனி சாலையில் ஒரு பழைய கார்க் கதை

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் வழியில் ரெட்டியார்சத்திரம் என்றதும் விவசாயிகளுக்கு நினைவுக்கு வருவது இந்தோ-இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம். மற்றவர்களுக்குத் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம். இந்தச் சாலைக்கு மோட்டார் கதையும் ஒன்று உண்டு. இதே திசையில் இன்னும் மேற்கே, பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையேதான் 1920-ல் ஜி.டி.நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டினார்.

பின்னாளில் குடும்பத்தோடு பழனிக்குப் போக வாடகை கார் என்றாலே அம்பாசடர்தான். பின்சீட்டில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று யாரும் எண்ணியதில்லை! 2014-ல் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் அதன் தயாரிப்பு நின்றது. வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் அந்த வண்டியைப் பேரன்கள் இப்போது புதுப்பிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் முதலில் திணறுவது, பழைய பெயின்ட்டை உரிக்கும் இடத்தில்.

மேலே வெள்ளை தெரியும். சுரண்டினால் கறுப்பு வரும், அதற்கும் கீழே பட்டி, பிரைமர். டிங்கரிங் பட்டறைகளில் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, பெயின்ட் கொப்பளித்து எழும்வரை காத்திருந்து, பட்டித் தகட்டால் வழித்தெடுப்பார்கள். மூலை முடுக்குகளுக்கு வாட்டர் பேப்பர். கடைசியில் தின்னர் துடைப்பு. பட்டி விழுந்த இடங்களில்தான் வண்டியின் உண்மை வயசு தெரியும். வீல் ஆர்ச், கதவின் அடிப்பகுதி, தரைத்தகடு என எங்கெல்லாம் துரு தின்றிருக்கிறதோ, அதையெல்லாம் பட்டி இத்தனை நாளும் மறைத்து வைத்திருக்கும். விலை பேசும்போது பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் ஒரே நாளில் முடியுமே?’ என்று கேட்கலாம். முடியும்தான். ஆனால் பானெட், கூரை போன்ற அகலமான தகடுகள் அந்த வேகத்தில் நெளிந்துவிடும். நெளிந்த தகட்டை நேராக்குவது, உரிப்பதைவிடப் பெரிய வேலை. அதைவிட மோசம், மணல் தூசி. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது.

ரிமூவரும் சாதுவல்ல. பலவற்றில் இருக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவி, மூடிய அறையில் ஆளையே சாய்க்கும். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அத்தகைய ரிமூவர் விற்க 2019-ல் தடை வந்தது. பழைய கார் பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். அதனால் காய்ந்த பெயின்ட்டை மெஷினில் தேய்த்துப் பொடியாகப் பறக்கவிடக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது. வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் பையன்களுக்கு, வண்டியின் சொந்தக்காரராவது நல்ல மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுக்கலாம். மொத்தச் செலவில் அது ஒரு செலவே இல்லை.

உரித்த தகட்டை ராத்திரி முழுக்கத் திறந்து போடவும் கூடாது. மழைக்கால ஈரக்காற்று பட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு விண்டேஜ் பதிவெண் வாங்க 2021-ல் மத்திய அரசு வழிசெய்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்; 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே துருப்பிடித்த கதவை வெட்டி எறியச் சொல்லும் முன் ஒருமுறை யோசியுங்கள். இந்தப் பதிவெண்ணோடு தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது; கண்காட்சிக்கும் விண்டேஜ் பேரணிக்கும்தான்.

ஒழுங்காகப் புதுப்பித்த பழைய கார் எப்படி இருக்கும் என்று பார்க்க, பழனி வழியாகவே கோவைக்கு பஸ் ஏறலாம். அவினாசி சாலையில், நாயுடு பெயரிலான அறக்கட்டளை 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்.