ஒரு சிசிலியர் கடையின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்திலே, மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையில், நியூ ஆர்லியன்ஸ் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே டிகேட்டர் வீதியில் 1906-ஆம் ஆண்டு, சால்வதோரே லூப்போ என்னும் சிசிலித் தீவினர் ஒரு மளிகைக் கடை திறந்தார். 'சென்ட்ரல் குரோசரி' என்பது அதன் பெயர். நூற்றாண்டு கடந்தும் நிலைத்த கடை அது. அதன் கதையைச் சொல்லுமுன், அவருடைய இனத்தார் அவ்வூருக்கு வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் பழைய எஜமானர்களுக்கு அடங்கிக் கிடக்க மறுத்தார்கள். லூயிசியானாவின் கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான கூலிகளை வேறிடத்தில் தேடலாயினர். பலெர்மோவிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிவந்த கப்பல்களிலே சிசிலியின் ஏழைக் குடியானவர்களும் வந்திறங்கினார்கள். ஆள் திரட்டித் தந்த தரகனுக்குப் 'பத்ரோனே' என்று பெயர். கங்காணியைக் கண்டறிந்த நம்மவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. கரும்பு வெட்டு முடிந்ததும் பலர் பட்டினம் சேர்ந்தனர், பழம் விற்றனர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். அவர்கள் நெருங்கி வாழ்ந்த பழைய பகுதியைச் 'சின்னப் பலெர்மோ' என்று ஊரார் அழைத்தனர்.

அவர்களை நிம்மதியாகப் பிழைக்கவிட்டார்களா? 1890-இல் நகரப் போலீஸ் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர் அனைவர்மீதும் விழுந்தது. வழக்கை விசாரித்த நீதிமன்றம் ஒருவரையும் குற்றவாளியென்று தீர்க்கவில்லை. மறுநாள், 1891 மார்ச்சு 14-இல், பெருங்கூட்டம் சிறைக்கதவை உடைத்துப் பதினொரு பேரைக் கொன்றது. செருப்புத் தைப்பவரும், பழம் விற்பவரும் அவர்களுள் இருந்தனர். கூட்டத்துக்கு முன்னின்றவர்கள் பெயர்பெற்ற வக்கீல்கள்! அறியாத பாமரர் செய்த பிழை என்று சொல்லித் தப்ப இங்கே வழியில்லை. கொன்றவர் ஒருவரும் தண்டிக்கப்படவுமில்லை.

இது நடந்து பதினைந்தே ஆண்டுகளில், அதே ஊரில், தம் நாட்டுச் சரக்குகளை வெளிப்படையாக அடுக்கி வைத்துக் கடை திறந்தார் லூப்போ. அந்தத் துணிவை நாம் சிறிதென்று கருதவில்லை.

கடைக்கு அருகே காய்கறிச் சந்தை. பகலுணவு வேளையில் அங்கு விற்கவந்த சிசிலிய உழவர்கள் கடைக்கு வருவார்கள். மசாலாவிட்டுப் பதப்படுத்திய இறைச்சி சிறிது, பாலாடைக்கட்டி சிறிது, எண்ணெயில் ஊறிய ஆலிவ்காய்க் கலவை சிறிது, ஒரு ரொட்டி என்று வாங்கிக்கொண்டு, பெட்டிகளின்மேலும் பீப்பாய்களின்மேலும் அமர்ந்து, தட்டை முழங்காலில் தாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே உண்பார்கள். தட்டோ சாயும், காயோ உருளும். இதைக் கண்ட லூப்போ, ரொட்டியைக் குறுக்கே பிளந்து எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிக் கொடுத்தாலென்ன என்று யோசித்தார். பின்னல் ரொட்டி கடிக்கக் கடினமாயிருந்தது. எள் தூவிய வட்ட ரொட்டியே மெத்தென்று பொருந்திற்று. முஃபுலெட்டா என்ற அந்த ரொட்டியின் பெயரே பண்டத்துக்கும் ஆயிற்று. 1980-இல் வெளியான தம் சமையல் நூலில் அவருடைய மகளார் இவ்வரலாற்றை எழுதியிருக்கிறார். வாடிக்கைக்காரனின் பணப்பையை நோக்கும் கடைக்காரரை எங்கும் காணலாம். அவன் முழங்காலை நோக்கியவர் இவர்.

உழவர்களின் பகலுணவு நாளடைவில் நகரத்தின் பெருமையாயிற்று. வெளியூரார் அதைத் தேடி வரலாயினர். ஆனால் சிசிலியர் ரொட்டியை ஏற்றுக்கொள்ள விரைந்த நகரம், 1891-ஆம் ஆண்டுக் கொலைக்காக அதன் மேயர் வாயால் மன்னிப்புக் கேட்க 2019 வரை காத்திருந்தது. நாவுக்கு வந்த அவசரம் நியாயத்துக்கு வரவில்லை போலும்!

1946-இல் லூப்போ ஓய்வு பெற, மருமகனார் கடையை ஏற்றார். குடும்பத்தார் கையிலேயே அது தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் வீசிய ஐடா புயலில் கட்டடம் சேதமுற்று, மூன்றாண்டுக்கு மேல் கதவு மூடியிருந்தது. 2024 இறுதியில் மீண்டும் திறந்தார்கள். அதே டிகேட்டர் வீதி. அதே வட்ட ரொட்டி. உள்ளே அதே ஆலிவ்காய்க் கலவை.