கடற்கட்டியும் கயிறு பிடிப்பவரும்

இளங்கலை மாணவர்களுக்கு யோசனை சொல்லும் காரியம் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை எல்லாம் சுற்றறிக்கைகள்தாம். சிறுபத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். நம்மில் பாதிப்பேர் கல்லூரி வாத்தியார்கள்; மீதிப்பேர் ஏதோ ஒரு பட்டத்தைத் தெரியாமல் படித்துவிட்டு எழுத வந்தவர்கள். அந்நியமான விஷயம் அல்ல.

தூத்துக்குடியில் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த ஊரில் 1948இல் புனித மரியன்னை கல்லூரி வந்தது, 1951இல் வ.உ.சி. கல்லூரி, 1966இல் காமராஜ் கல்லூரி. ஊர்க் கல்லூரிப் படிப்பு முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும், பிறகு மதுரையின் கீழும், 1990க்குப் பின் மனோன்மணியம் சுந்தரனாரின் கீழும் இருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வருகை, தாள், தேர்ச்சி, அரியர் எல்லாவற்றுக்கும் புதிய கணக்கு. இந்தக் கணக்கை முழுதும் அறிந்தவர் ஒரு கல்லூரியில் பெரும்பாலும் ஒருவரே இருப்பார். அவர் பேராசிரியர் அல்ல. அலுவலகத்தில் பரீட்சைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தர்.

அவருக்கு அடுத்தபடி அறிந்தவர் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உதவித்தொகை விண்ணப்பம், முதல் பட்டதாரிச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதி, மறுமதிப்பீடு எல்லாம் அங்கேதான் பேசப்படுகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர் சொல்கிறார், பல தடவை சரியாகவே சொல்கிறார். நான் வேலைபார்த்த கல்லூரிக்கு எதிரில் இருந்தவர் ஒரு பையனிடம் சொன்னதை நின்று கேட்டிருக்கிறேன்: "தம்பி, ஒன் பட்டத்துப் பேருல ஒரு சொல்லு கூடக் கெடக்கு பாத்தியா? நாளைக்கு வாத்தியார் வேலைக்குப் போனா இதுவும் அதுவும் ஒண்ணுதான்னு கவர்மெண்ட் ஆர்டர் இருக்கான்னு கேப்பாவ. இப்பவே விசாரிச்சு வச்சுக்கோ." பட்டத்தின் பெயரில் கவர்ச்சிக்காகச் சேர்த்த ஒரு சொல்லால், இணையான பட்டம் அல்ல என்று வேலையின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பையனின் துறையில் யாரும் இதை அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் பிரதி எடுத்த காசுக்கு மேல் எதுவும் வாங்காமல் சொன்னார்.

கல்லூரி தன் பங்குக்கு வழிகாட்டி ஆசிரியர் முறையை வைத்தது. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழு, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்று விகிதம் கேட்கும். விகிதம் காட்ட நோட்டு வேண்டும். நோட்டில் மாணவருக்கு ஒரு பக்கம், பருவத்துக்கு இரண்டு சந்திப்பு, இரண்டு கையெழுத்து. 'தெரிவித்த குறை' என்ற கட்டத்தில் 'இல்லை'. 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்திலும் 'இல்லை'. குழு வருவதற்கு முந்தின வாரம் அத்தனை பக்கங்களும் ஒரே பேனாவில் நிறைவதைப் பார்த்திருக்கிறேன்.

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் இந்தக் கரையில் கடற்கட்டி என்று ஒருவர் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். குளியாட்கள் தண்ணீரில் இருக்கும்வரை ஜெபித்துக்கொண்டிருப்பார். சிப்பியில் அவருக்குப் பங்கு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பதால் வைத்துக்கொண்டார்கள். படகில் இன்னொருவரும் இருந்தார். கல் கட்டிய கயிற்றில் கால்வைத்துக் குளியாள் இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிஷ மூச்சு. கயிறு அசைந்ததும் மேலே நிற்பவர் இழுக்கவேண்டும். இவருக்கு மந்திரம் தெரியாது. கை கயிற்றிலும் கண் தண்ணீரிலும் இருந்தால் போதும். கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. நோட்டுகளைப் பார்க்கும்போது நம் ஸ்தாபனங்கள் கடற்கட்டியை மட்டும் சுவீகரித்துக்கொண்டன என்று தோன்றுகிறது. (கடற்கட்டியை இளக்காரம் செய்யவில்லை. அவரால் குளியாளுக்குத் தைரியமாவது கிடைத்தது.)

வருகைப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். பருவத்துக்கு 90 வேலைநாள். 75 சதவீதம், அதாவது 68 நாள் வந்திருக்க வேண்டும். 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்துப் பரீட்சை கிடையாது. எங்கள் விதி இது. பல இடங்களிலும் ஏறத்தாழ இதுதான். சேர்ந்த முதல் வாரத்தில் இதை எல்லோருக்கும் வாசிப்பார்கள். நாற்பதாவது நாளில் யாரும் வாசிப்பதில்லை. வேறு துறைப் பெண் ஒருத்தி, உப்பளத் தொழிலாளியின் மகள், பருவக் கடைசியில் பரீட்சைப் பிரிவின் ஜன்னலில் வந்து நின்றாள். நான் வேறு காரியமாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் கணக்கில் 57 நாள். 59 இருந்திருந்தால் பணத்தோடு போயிருக்கும்.

"அம்மாவுக்குக் கால் புண்ணாயிட்டு ஸார். ஆள் போகலன்னா வேற ஆளப் போட்டுருவாவ. அதான் நான் அளத்துக்குப் போனேன்."

"ஒரு மாசத்துக்கு முந்தி வந்து கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

"கேக்கணும்னு தெரியாதே ஸார்."

எழுத்தர் அவளுடைய வழிகாட்டி நோட்டைத் தேடி எடுத்துத் திறந்து பார்த்தார். குறை: இல்லை. அவள் அழவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு கல்லூரிக்கு வரவில்லை. உப்பு வாரும் காலம் ஜனவரிவாக்கில் ஆரம்பித்து மழை வரும்வரை நீள்கிறது. இரண்டாவது பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டும் தேதி அதை ஒட்டி வருகிறது. இந்த ஊரில் யோசனை சொல்ல உட்காருகிறவருக்குப் பல்கலைக்கழக நாட்காட்டியோடு இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். உளவியல் பட்டயம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2015இல் பல்கலைக்கழக மானியக் குழு விருப்பப் பாட முறையை நாடெங்கும் வற்புறுத்தியது. விருப்பம் யாருடையது என்பதுதான் கேள்வி. பட்டியலில் மூன்று தாள் இருக்கும். துறையில் எதை நடத்த ஆள் இருக்கிறதோ அதையே வகுப்பு முழுவதும் 'விரும்பும்'. இல்லாத தேர்வுக்கு எப்படி யோசனை சொல்வது?

இதே ஊரில் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி வேறு மரபில் வந்தது. 1960இல் பந்த்நகரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு வேரூன்றிய வேளாண் பல்கலைக்கழக மரபு அது. அதில் மாணவருக்கு ஆலோசகர் உண்டு; பாடங்களைப் பதிவு செய்ய அவர் கையெழுத்து வேண்டும். முறை நல்லது. ஆனால் அந்தக் கல்லூரியில் சேரப் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். கரையில் பிறந்து, பக்கத்தில் இருக்கும் பள்ளியில் கிடைத்த வணிகவியலை எடுத்த பிள்ளைக்குப் பதினைந்து வயதிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 2022இல் அரசு தொடங்கிய கல்லூரிக் கனவு பிளஸ் டூக்காரர்களுக்கு உதவுகிறது. பிளஸ் ஒன்னில் சேருமுன் அல்லவா சொல்லவேண்டும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் படித்து வாத்தியாரான மகன் அப்பாவின் வல்லத்தை விற்கச் சொல்கிறான். கரைப் பிள்ளைகளுக்கு நாம் வழங்கிவரும் யோசனை இன்றைக்கும் அவ்வளவுதான்: விற்றுவிட்டு வெளியே வா. கடலைப் படிக்கும் படிப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் எதுவுமில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி வகுப்பு என்பது மானியக் குழுவின் கணக்கு. அதில் இரண்டு மணியைப் பிள்ளைகளோடு உட்கார என்று ஒதுக்கி, வேலைநேரமாக எண்ணவேண்டும். இப்போது அது அந்த 16 மணிக் கணக்கில் இல்லை. பிள்ளைகளோடு அதிகம் பழகும் கௌரவ விரிவுரையாளருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் இல்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் புதிய ஆசிரியர்கள் பரீட்சைப் பிரிவு எழுத்தரின் முன்னால் மாணவர்களாக உட்காரலாம். கௌரவக் குறைச்சல் என்று சிலர் எழுந்து போவார்கள்; போகட்டும். நாற்பத்தைந்தாவது நாளில் 34 நாளுக்குக் குறைவாக வந்தவர்களின் பட்டியலை எடுத்து, வீடு தேடிப் போகவேண்டும்.

அந்த எழுத்தர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் இடத்தில் ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. வருகை குறைந்தால் தானாகவே அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்லவும் பெற்றோர் அந்த ஜெராக்ஸ் கடைக்குத்தான் வருகிறார்கள்.