லாரிக்குக் கொடுத்த பணம்

இரும்புலியூரில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்ட்டில் மொத்தம் எட்டு வீடுகள். இரண்டு வருடமாக அசோசியேஷன் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வருகிற வரி ஒன்று உண்டு: 'செப்டிக் டேங்க் லாரி - ரூ.1,800'.

வருடக் கணக்கு முடிக்கும்போது அதை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். 10 லோடு, 18,000 ரூபாய். இதே கணக்கில் போனால் ஐந்து வருடத்துக்கு 90,000. வீட்டுக்கு 11,250 ரூபாய். இவ்வளவு கொடுத்தும் கையில் மிஞ்சுவது லாரிக்காரரின் போன் நம்பர் மட்டும்தான்.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் இப்படி அடிக்கடி நிரம்பாது. கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுத்தால் போதும். ஆனால், ஒரு வீடு இருந்த மனையில் எட்டு வீடு எழும்பினால் மண் எவ்வளவுதான் குடிக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால், உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. பக்கத்திலேயே நம் போர்வெல்லும் இருக்கிறது என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

மழை வந்தால் முதலில் அவதிப்படுவது தரைத்தள வீடுதான். அங்கே 78 வயதுப் பாட்டி இருக்கிறார். டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாது, மேலே வரும். அந்த நாட்களில் பாட்டி காபியைக்கூடக் குறைத்துக்கொள்வார். "ராத்திரி எழுந்திருக்காம இருந்தா போதும்மா" என்பார். இரண்டாவது மாடியில் இருக்கிற எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. எங்கள் கழிவுதான் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது என்பது எவ்வளவு சங்கடம்!

மாதக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரும்போது டெபாசிட், இணைப்புக் கட்டணம், பிளம்பர் செலவு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இப்போதிருந்தே மாதம் வீட்டுக்கு 500 ரூபாய் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"வந்த பிறகு பார்த்துக்கலாம் மேடம்" என்றார் ஒருவர். "நான் வாடகைக்கு விட்டிருக்கேன், குடியிருக்கறவங்கதானே கொடுக்கணும்?" என்றார் இன்னொருவர். பென்ஷனில் வாழும் சார், "மருந்துக்கே சரியா இருக்கும்மா" என்றார். அதுவும் நியாயம்தானே? இன்னொரு யோசனையும் வந்தது. "ஒரு ஆளை உள்ளே இறக்கி அடியோட சுத்தம் பண்ணிட்டா, ஒரு வருஷம் லாரியே வேண்டாமே!"

அதற்கு மட்டும் நான் உடனே மறுத்தேன். டேங்குக்குள் சேரும் விஷவாயு ஒரு ஆளை நொடியில் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இப்படி நேரும் மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வருமா?

அந்த வாரம் நங்கநல்லூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். "நாங்களும் இப்படித்தாண்டி சண்டை போட்டோம்" என்று சிரித்தார். அப்போது நங்கநல்லூர், ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. 1996-ல் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரான பிறகு, பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். திட்டச் செலவு சுமார் 34 கோடி. நகராட்சியிடம் அவ்வளவு பணம் ஏது? கடனும் மானியமும் போக, வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். குழாய் போடுவதற்கு முன்பே! குடியிருப்போர் சங்கங்களிடம் பேசிப் பேசித்தான் மக்களைச் சம்மதிக்க வைத்தார்கள். 2000-ல் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் கட்டியது. உலக வங்கி அறிக்கைகள் வரைக்கும் ஆலந்தூர் உதாரணமாகப் பேசப்பட்டது.

"எப்படி நம்பிக் கொடுத்தீங்க அத்தை?"

"பக்கத்து வீடு கொடுத்துச்சு, எதிர் வீடு கொடுத்துச்சு. கையில ரசீது இருந்துச்சு. கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் இருந்தாங்க. வேற என்ன வேணும்?"

மண்ணுக்கு அடியில் போகிற குழாய் நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பணம் கொடுக்கக் கை வருவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ரசீதும் கணக்கும் இருந்தால் தயக்கம் குறைகிறது. அடுத்த கூட்டத்தில் லாரிக் கணக்கை பெரிய எழுத்தில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். சேர்க்கும் பணத்தை மெயின்டனன்ஸோடு கலக்காமல், தனி ஆர்.டி.யில் போடுவது, மாதாமாதம் பாஸ்புக் பக்கத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என்று முடிவானது. பென்ஷன் சார் இப்போது 200 கட்டுவார், மீதியை இணைப்பு வரும்போது தருவார். வாடகைக்கு விட்டவரிடம், இணைப்பு கட்டடத்துக்கு வருவதால் அது சொந்தக்காரர் செலவு என்று எடுத்துச் சொன்னோம்.

எட்டில் ஆறு வீடு சேர்ந்திருக்கிறது. இரண்டு வீடு இன்னும் யோசிக்கிறது. குழாய் வந்த பிறகும் வேலை இருக்கிறது. இணைப்பு கொடுத்ததும் பழைய டேங்க்கைக் காலி செய்து மணல் போட்டு மூட வேண்டும். தெருவில் எல்லா வீடும் இணைந்தால்தான் போர்வெல் தண்ணீருக்கும் விடிவு.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இவ்வளவு பெரிய ஊருக்குக் குழாய் போடுவது அரசின் வேலை. அதைக் கேட்டு மனு கொடுப்பதும், நம் வாசல்வரை வரும்போது தயாராக இருப்பதும் நம் வேலை.

உங்கள் அப்பார்ட்மென்ட் நோட்டையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, மாதம் 500 பெரிதாகத் தெரியாது.