விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் ஏறத்தாழ நூறு மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்து வெளியே வந்தார்கள். அது இதழியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பாடசாலை. அதனால்தான் அந்தச் செய்தி பத்திரிகைக்காரனான என் கண்ணில் பட்டது. அவர்கள் எதிர்த்தது ‘சமிட் லேர்னிங்’ என்னும் இணையவழிக் கற்றல் மென்பொருளை. கலிபோர்னியாவின் சமிட் பாடசாலைகள் பேஸ்புக் பொறியியலாளரின் துணையுடன் உருவாக்கிய திட்டம் அது. மார்க் சக்கர்பேர்க்கும் அவருடைய மனைவியும் நிறுவிய அமைப்பு அதற்குப் பணம் கொடுத்தது.

அந்த மாணவர்கள் சக்கர்பேர்க்குக்கே கடிதம் எழுதினார்கள். நாளின் பெரும்பகுதி திரைக்கு முன்னால் கழிகிறது, ஆசிரியருடன் பேசுவது அருகிவிட்டது, சோதனைகளில் விடையை வேறெங்கேனும் தேடி எடுத்துப் போடுவது இலகுவாக இருக்கிறது, எம்மைப் பற்றிய தகவல்கள் யாரிடம் போகின்றன என்று தெரியவில்லை என்பன அவர்களுடைய முறைப்பாடுகள். பாடசாலை பின்னர் மேல் வகுப்புகள் இரண்டிலும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

சமிட் திட்டம் எல்லாப் பாடங்களுக்கும் உரியது. ஆயினும் இத்தகைய மென்பொருள்கள் முதலில் குடிபுகும் பாடம் எப்போதும் கணிதம்தான். காரணம் எளிது. கணக்குக்கு விடை ஒன்று. அது சரியா பிழையா என்று இயந்திரம் கணப்பொழுதில் சொல்லிவிடும். கட்டுரையையோ வரலாற்று வினாவின் விடையையோ அப்படி அளந்துவிட முடியாது. ஆகவே மாணவரின் அதிருப்தியும் கணிதத்தில்தான் அதிகம் கேட்கிறது. பிரித்தானியாவில் கணித வீட்டுவேலை மென்பொருள்களைத் தடைசெய்யுமாறு மாணவர்கள் இணையத்தில் மனுக்களைத் தொடங்கிக் கையெழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் அவற்றைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எந்தப் பிள்ளைதான் வீட்டுவேலையை விரும்பும் என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் முறைப்பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டால் சோம்பலின் குரலாக மட்டும் அது இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் என் தங்கை வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அவளுடைய மகள் எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் பாடசாலை குறித்து அனுப்பும் கணக்குகளைக் கணினியில் செய்து முடிக்க வேண்டும். எல்லாக் கணக்கும் சரிவந்தால்தான் வீட்டுவேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். ஒன்று பிழைத்தால் அதே வகையில் இன்னொரு கணக்கு வரும். அதுவும் பிழைத்தால் மற்றொன்று. குறித்த நாளில் முடிக்காதவர் பாடசாலை விட்ட பின்னர் மறிக்கப்படுவார். ஒருநாள் மாலை ஒரே வகையான பின்னக் கணக்கில் முக்கால் மணிநேரமாக அவள் தவித்துக்கொண்டிருந்தாள். விளக்கக் காணொளியைப் பார்க்கலாமே என்றேன்.

“மூன்று தரம் பார்த்திட்டன் மாமா. அதில அவர் செய்யிறது எனக்கு விளங்குது. நான் எங்க பிழை விடுறன் எண்டுதான் விளங்கேல்லை. இது பிழை எண்டு மட்டும்தான் சொல்லும், எங்க எண்டு சொல்லாது” என்றாள்.

அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான் கலைப்பட்டதாரி, சாதாரண தரத்தோடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்கே அது தெரிந்தது. இரண்டு பின்னங்களைக் கழிக்கும்போது பொதுப் பகுதியெண்ணைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். தொகுதியெண்களை அதற்கேற்ப மாற்றாமல் அப்படியே கழித்திருந்தாள். ஒவ்வொரு கணக்கிலும் அதே பிழை. சுட்டிக்காட்ட இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. மிகுதிக் கணக்குகளை மளமளவென்று முடித்தாள். அந்த மென்பொருளை ஆக்கியவர்கள் என்னைவிடப் பலமடங்கு கணிதம் அறிந்தவர்கள். ஆனால் நான் பார்த்தது அவளுடைய கொப்பியை. மென்பொருள் பார்த்தது அவள் தட்டச்சுச் செய்த விடையை.

எமது சாதாரண தரப் பரீட்சையின் கணித இரண்டாம் வினாத்தாளை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இறுதி விடை பிழைத்தாலும் படிமுறைகளுக்குப் புள்ளி உண்டு. எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர் விடையைக் கடைசியாகவே பார்ப்பார். சிவப்புப் பேனை வரிவரியாக இறங்கி வந்து, தடம்புரண்ட இடத்தில் ஒரு வட்டம் போட்டு நிற்கும். அந்த வட்டம்தான் பாடம். சரி, பிழை என்ற தீர்ப்பு அதற்குப் பிறகுதான்.

கணிதத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை புதியதல்ல. 1953இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் பி.எவ்.ஸ்கின்னர் தன் மகளின் எண்கணித வகுப்பைப் பார்வையிடச் சென்றார். பிள்ளைகள் தம் விடை சரியா என்று உடனே அறியாமல் இருப்பதும், எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருப்பதும் அவருக்குக் குறைகளாகப் பட்டன. அதன் விளைவாக அவர் ஒரு கற்பித்தல் இயந்திரத்தை அமைத்தார். 1960களில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பற்றிக் சப்பிஸ் கணினி மூலம் எண்கணிதப் பயிற்சி கொடுத்தார். அலெக்சாந்தருக்கு அரிஸ்டோட்டில் வாய்த்ததுபோல் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தனி ஆசான் வாய்க்கும் காலம் அண்மையில் இருக்கிறது என்று 1966இல் அவர் எழுதினார். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் மென்பொருள் விற்பனையாளர்கள் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறார்கள்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் பாதித்தது ஒரு சிறுவனின் கதை. 1973இல் ஸ்ரான்லி ஏர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் அவனுக்குப் பெனி என்று பெயர். பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு. அவன் கற்றது பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உருவான தனியாள் கற்பித்தல் முறையில். கணினி இல்லை. ஆயினும் முறை இன்றையதுதான்: பிள்ளை தன் வேகத்தில் தாள்களைச் செய்வான், விடைகள் விடைப்பட்டியலோடு ஒப்பிடப்படும், போதிய விடைகள் சரியென்றால் அடுத்த படிக்குப் போவான். வகுப்பில் நன்றாக முன்னேறுபவர்களில் ஒருவன் என்றே பெனியின் ஆசிரியர் நம்பியிருந்தார்.

ஏர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசினார். 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.07 என்றான் பெனி. பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமத்தில் எழுதச் சொன்னால் இரண்டையும் பத்தையும் கூட்டி 1.2 என்றான். பதினொன்றில் நான்கும் 1.5, நான்கில் பதினொன்றும் 1.5. எல்லாவற்றுக்கும் அவனிடம் விதிகள் இருந்தன. தான் ஒரு வடிவத்தில் எழுதிய விடையை விடைப்பட்டியல் வேறு வடிவத்தில் எழுதியிருந்தால் அதற்கும் பிழை விழும். ஆகவே கணிதம் என்பது யாரோ எங்கோ வகுத்து வைத்த விதிகளை ஊகித்து, பட்டியல் விரும்பும் விடையைப் பிடிக்கும் விளையாட்டு என்று அவன் முடிவுசெய்திருந்தான். ஆண்டுக்கணக்காக அவன் சரி, பிழை என்ற குறிகளைப் பெற்றுவந்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மென்பொருளால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2007இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று 132 பாடசாலைகளில் வாசிப்புக்கும் கணிதத்துக்குமான 16 மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றைப் பயன்படுத்திய வகுப்புகளுக்கும் பயன்படுத்தாத வகுப்புகளுக்கும் இடையே பரீட்சைப் புள்ளிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மெயின் மாநிலத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வில் ‘அசிஸ்மென்ட்ஸ்’ என்னும் இலவச வீட்டுவேலை மென்பொருள் நல்ல பலனைத் தந்தது. பின்தங்கிய பிள்ளைகளே அதனால் கூடுதலாகப் பயனடைந்தார்கள். அந்த மென்பொருள் பிள்ளைக்கு உடனுக்குடன் குறிப்புத் தருகிறது. அதோடு, எந்தக் கணக்கில் எத்தனை பேர் எந்த வகையில் பிழைவிட்டார்கள் என்ற விபரத்தையும் ஆசிரியருக்கு அனுப்புகிறது. மறுநாள் காலை ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு படிப்பிக்கிறார்.

இதற்கு எங்கள் நாட்டிலும் ஒரு சாட்சியம் உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது எங்கள் ஆசிரியர்களிடம் விலையுயர்ந்த மென்பொருள்கள் இருக்கவில்லை. வட்ஸ்அப் இருந்தது. பிள்ளைகள் கணக்கைக் கொப்பியில் செய்து படம் பிடித்து அனுப்பினார்கள். ஆசிரியர்கள் இரவிரவாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்துத் திருத்தினார்கள். கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்பது பெரிய அநீதி. அதை மறைக்க முடியாது. ஆயினும் அந்த ஏழை ஏற்பாட்டில் பிள்ளையின் கொப்பி ஆசிரியரின் கண்ணுக்கு எட்டியது.

பத்திரிகைத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்ததில் ஒன்றை அறிந்திருக்கிறேன். பத்திரிகை பிடிக்காவிட்டால் வாசகர் மறுநாள் வாங்கமாட்டார். அந்தப் பயம் எங்களைத் திருத்தும். பாடசாலை மென்பொருளுக்கு அந்தப் பயம் இல்லை. வாங்குபவர் அதிபர், அல்லது கல்வித் திணைக்களம். பயன்படுத்துபவர் பிள்ளை. பிடிக்கவில்லை என்று அவர் விலக முடியாது; விலகினால் தண்டனை. ஆகவே அவரிடம் எஞ்சியிருப்பது முறைப்பாடு ஒன்றுதான். அதையும் சோம்பல் என்று தள்ளிவிட்டால், பொருள் பழுது என்று சொல்லக்கூடிய ஒரேயொருவரின் வாயை அடைத்தவர்களாவோம்.

இத்தகைய மென்பொருள்கள் நாளை எங்கள் பாடசாலைகளுக்கும் பரவலாக வரும். வரட்டும். பணத்தைக் கொடுக்கும் முன்னர் அதிகாரிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கணிதத்தில் நடுத்தரமான பிள்ளைகள் ஐந்து பேரை ஒரு மாதம் அதனோடு இருத்துங்கள். பிறகு கணினி தரும் புள்ளிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கி, ஒரு கணக்கை ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர்களிடமே கேளுங்கள். செலவு ஐந்து கொப்பிகளும் ஒரு பிற்பகலும்தான்.