லாரி ஏறும் முன்

மேட்டூர் அணையில் குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தேதி நெருங்கும்போதே டெல்டாவில் உழவுக்கு டிராக்டர் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மேட்டூர்ப் பக்கம் மேச்சேரியிலிருந்து டிராக்டர் போவதென்றால் தஞ்சாவூர் 200 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டத் திணறும் வண்டியைத் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் ஓட்டினால் டயர் பட்டன்தான் தேயும். நாமக்கல்லும் சங்ககிரியும் பக்கத்தில் இருக்கும்போது லாரிக்குப் பஞ்சமில்லை.

ஆனால் டிராக்டரை ஏற்றிக் கட்டுவது லாரிக்காரர் வேலை என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது தவறு. மூட்டை கட்டிப் பழகிய கைக்கு எது டை ராடு, எது முன் அச்சு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

முதலில் ரோட்டவேட்டரையும் கலப்பையையும் கழற்றித் தனியாக ஏற்ற வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் லாரிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். 45 குதிரைத்திறன் வண்டியின் எடையே ஏறக்குறைய இரண்டு டன், தண்ணீர் அதற்கு மேல் சில நூறு கிலோ சேர்க்கும்.

ஏற்றும் இடத்தில்தான் உயிர்ப்பயம். மண்மேட்டில் லாரியின் பின்கதவை அணைத்து, சரிவுப் பலகை போட்டு ஏற்றுவார்கள். டிராக்டரின் கனமெல்லாம் பின்பக்கம். முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்துவிடலாம். அதனால் அனுபவஸ்தர்கள் ரிவர்ஸில் ஏற்றி, இறக்கும்போது முன்னோக்கி இறக்குவார்கள். இரண்டிலும் கனமான பக்கம் மேட்டைப் பார்த்தே இருக்கும்.

மேலே நின்றதும் கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக் பூட்டி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவார்கள். சங்கிலி அச்சில்தான் விழ வேண்டும். டை ராடிலோ ஹைட்ராலிக் குழாயிலோ பட்டால் முதல் பள்ளத்திலேயே வளையும், கிழியும்.

பலரும் மறப்பது சைலன்சர் வாயை. டர்போ உள்ள வண்டியில் அதை மூடிக் கட்டியே ஆக வேண்டும். ஓட்டத்தில் காற்று புகுந்து டர்போ சுழலும். இன்ஜின் ஓடாததால் ஆயில் ஏறாது. பேரிங் வறண்டு தேயும்.

புக்கிங்கில் வண்டியின் மதிப்பை எழுதிக் கொடுப்பதும் இந்தத் தயாரிப்பில் ஒன்றுதான். 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. 2011 விதிகள் அதை வாடகையின் பத்து மடங்கு என்கின்றன. அதற்கு மேல் ஈடு வேண்டுமென்றால் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சேதம் என்று வழக்குப் போடவும் புக்கிங் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அதற்காகவே ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், மணி மீட்டரையும் சேர்த்து.