ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பழமொழி. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. ஆகவே ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஆனால் பத்து ஆண்டுகளில் பத்து அடுப்பில் பத்துவிதமாக வெந்த சோற்றை ஒரு பருக்கையால் பதம் பார்க்கலாமா? பார்க்கலாம் என்று எண்ணி, என் தந்தையின் சேமிப்பில் ஒரு பகுதியை ஆபத்தில் தள்ளியவள் நான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

2023ஆம் ஆண்டு. நான் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் ரயிலில் வருவேன். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் ஓடும்போது மடியில் புத்தகம் இருக்கும். அந்தப் பருவத்தில்தான் விலை–ஈட்ட விகிதம் என்ற பாடத்தைப் படித்திருந்தேன். ஒரு பங்கின் சந்தை விலையை, அந்தப் பங்குக்கு உரிய ஓராண்டு ஈட்டத்தால் வகுத்தால் வருவது அவ்விகிதம். ஒரு ரூபாய் ஈட்டத்துக்கு நாம் எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்பதை அது காட்டும். குறைவாக இருந்தால் மலிவு, கூடுதலாக இருந்தால் விலை உயர்வு. இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அந்த ஆண்டுதான் பணி ஓய்வு பெற்றிருந்தார். கைக்கு வந்த பணத்தில் நான்கு லட்சத்தைத் தனியே எடுத்து வைத்தார். ஒழுகும் கூரையைத் தளமாக மாற்றவும், என்னை முதுகலை படிக்க வைக்கவும் அந்தப் பணம். அப்போது என் மாமா ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், பேங்க்ல போட்டு என்ன கண்டீங்க? ஒரு சர்க்கரைக் கம்பெனி பங்கு 288 ரூபாய்க்குக் கிடைக்குது. போன வருஷம் மட்டும் ஒரு பங்குக்கு 48 ரூபாய் சம்பாதிச்சிருக்கான்."

அது நம் பக்கத்துக் கம்பெனி அன்று, வேறு மாநிலத்தது. பெயர் இங்கே தேவையில்லை. எண்களையும் எளிதாக்கியே சொல்கிறேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானம்மா இதெல்லாம் படிக்கிறவ. நீ சொல்லு."

288ஐ 48ஆல் வகுத்தேன். ஆறு! மற்ற கம்பெனிகள் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் விற்றுக்கொண்டிருந்தபோது இது ஆறுக்குக் கிடைக்கிறதே என்று வியந்தேன். "ரொம்ப மலிவுப்பா" என்றேன். படித்த பாடம் வீட்டுக்குப் பயன்பட்டதே என்று உள்ளூரப் பெருமை வேறு. அப்பா மறு கேள்வி கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு லட்சத்துக்குப் பங்கு வாங்கப்பட்டது. மீதி மூன்று லட்சத்தையும் அடுத்த மாதம் போடுவது என்று முடிவாயிற்று.

இடையில் வந்த ஒரு விடுமுறையில் அம்மாவுடன் பண்ருட்டிப் பக்கம் உள்ள தாத்தா வீட்டுக்குப் போனேன். கடலூரிலிருந்து செல்லும் பேருந்து நெல்லிக்குப்பத்தைக் கடந்துதான் போகும். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ஊர் அது. எதிரே ஒரு கரும்பு லாரி வந்தது. நம்மிடமும் ஒரு சர்க்கரைப் பங்கு இருக்கிறது என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

தாத்தாவுக்கு ஒரு சிறிய முந்திரித் தோப்பு உண்டு. நாங்கள் போனபோது பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தோப்பை ஐந்தாண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். அந்த ஆண்டு நல்ல காய்ப்பு. அதே கணக்கில் குத்தகைப் பணம் கொடுத்தால் கட்டுமா என்பது அவர் கேள்வி.

தாத்தா உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி. தோப்பு வருமானம் எவ்வளவு, அந்த வருடம் ஒரு மூட்டை அரிசி என்ன விலை, ஆக அந்த வருமானம் எத்தனை மூட்டை அரிசிக்குச் சமம் என்று மூன்று கட்டங்கள். 2003இல் 30,000 ரூபாய், மூட்டை 1,000, ஆக முப்பது மூட்டை. 2010இல் 50,400 ரூபாய், மூட்டை 1,800, ஆக இருபத்தெட்டு மூட்டை.

"பாத்தியா பாப்பா, ரூபாயைப் பாத்தா வருமானம் ஏறின மாதிரி இருக்கும். அரிசியைப் பாத்தா ரெண்டு மூட்டை இறங்கியிருக்கு" என்றார் என்னிடம். பிறகு அவரிடம், "ஒரு வருஷக் காய்ப்பப் பாத்துக் குத்தகை பேசாதே. பூ எடுக்கறப்ப மேகம் போட்டாலே போச்சு. பத்து வருஷத்தையும் அரிசியாக்கிக் கூட்டிப் பத்தால வகு. அதுதான் தோப்போட வருமானம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எந்த வருடத்துக் காய்ப்பைப் பார்த்து மலிவு என்று சொன்னேன்?

நோட்டில் 2012க்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தாவின் தோப்பும் அன்று போயிற்று. "இந்த வருஷத்தையும் சராசரியில் சேர்த்தீங்களா தாத்தா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார்.

"மழை பொய்ச்ச வருஷத்தச் சேக்கணும், அது மறுபடியும் வரும். ஆனா மரமே விழுந்துட்டா பழைய கணக்கு எதுக்கு? கன்னு வெச்சுப் புது நோட்டு போட்டேன்."

சிதம்பரம் திரும்பியதும் வேலையைத் தொடங்கினேன். அந்தக் கம்பெனியின் பத்து ஆண்டறிக்கைகளைப் பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து எடுத்தேன். தாத்தாவின் அரிசி மூட்டைக்குப் பதிலாக நுகர்வோர் விலைக் குறியெண்ணை வைத்துக்கொண்டேன். 2013–14இல் 112 அளவில் இருந்த அக்குறியெண் 2022–23இல் 175 அளவுக்கு ஏறியிருந்தது. அதாவது அன்றைய பத்து ரூபாய், 2022–23இன் ரூபாயில் பதினைந்தரை ரூபாய்க்குச் சமம்.

கம்பெனியின் ஒரு பங்கு ஈட்டம் ஆண்டுவாரியாக இப்படி இருந்தது. முதல் ஆண்டு 9 ரூபாய் நட்டம். அடுத்த ஆண்டு 12 ரூபாய் நட்டம். பிறகு 4, 22, 6, 10, 12, 16, 38, கடைசியாக 48. ஒவ்வொன்றையும் 2022–23இன் ரூபாய்க்கு மாற்றினேன். மாற்றும்போது ஒன்று விளங்கியது: லாபம் மட்டும் வளர்வதில்லை, நட்டமும் வளர்கிறது. 9 ரூபாய் நட்டம் 14 ரூபாயாயிற்று. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால், சராசரி ஈட்டம் ஏறக்குறைய பதினான்கரை ரூபாய். 288ஐ அதனால் வகுத்தேன். இருபது!

அதே பங்கு, அதே விலை. ஓராண்டுக் கண்ணால் பார்த்தால் ஆறு. பத்தாண்டுக் கண்ணால் பார்த்தால் இருபது. நான் மலிவு என்று சொன்னது, காய்த்துக் குலுங்கிய ஒரு வருடத்தை வைத்து.

மறுநாள் வணிகவியல் பேராசிரியரிடம் இதைக் காட்டினேன். அவர் புன்னகைத்து, "உன் தாத்தா கிரஹாமைப் படித்தவரா?" என்றார். பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் வெளியிட்ட நூலில், ஓராண்டு ஈட்டத்தை நம்பாதே. குறைந்தது ஐந்து, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டுகளின் சராசரியை எடு என்று அறிவுறுத்தியிருந்தார்களாம். 1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சியைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அந்தக் கருத்தை 1988இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் பணவீக்கம் நீக்கிய ஈட்டத்தைக் கொண்டு மொத்தச் சந்தைக்கும் விரித்தனர். சுழற்சிக்கேற்பச் சீர்செய்த விலை–ஈட்ட விகிதம் என்பது அதன் பெயர். சுருக்கமாகக் 'கேப்' என்பார்கள். ஷில்லர் 2013இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் ஆய்வாளர்கள் நம் நாட்டுச் சந்தைக்கும் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஓராண்டுக் கணக்கு எதிர்த்திசையிலும் ஏமாற்றும் என்பதை அவர் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். 2009ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தை அடிமட்டத்தில் கிடந்தது. ஆனால் நிதி நெருக்கடியால் கம்பெனிகளின் ஓராண்டு ஈட்டம் சுருங்கியதால், சாதாரண விகிதம் நூறைத் தாண்டி, பங்குகள் மிக விலை உயர்ந்தவைபோல் காட்டியது. பத்தாண்டுச் சராசரியோ அவ்வாண்டு மார்ச்சில் பதின்மூன்று அளவில் நின்று, உண்மையில் மலிவு என்றது. நம் நாட்டிலும், பெருந்தொற்றில் ஈட்டம் குன்றிய பிறகு 2021 தொடக்கத்தில் நிஃப்டியின் விகிதம் நாற்பதைத் தாண்டியது.

வீட்டில் கணக்கை வைத்தபோது மாமா விடவில்லை. "பழைய வருஷத்தையெல்லாம் எதுக்கும்மா சேக்கற? அப்ப சர்க்கரை மட்டும்தான். இப்ப எத்தனால்! காலம் மாறிடுச்சு."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013–14இல் நூற்றுக்கு ஒன்றரைதான், 2022–23இல் பன்னிரண்டு. அப்படியானால் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகள் வந்துபோகும் நல்ல மழையா, அல்லது புதிதாக ஊன்றிய மரமா? தாத்தாவின் நோட்டே என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டது. மரமே மாறியிருந்தால் மாமா சொல்வது சரி. பழைய சராசரி தவறு. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அன்னிக்கு நான் மலிவுன்னு சொன்னது தப்பு. இது விலை கூடுதல்னும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மலிவுன்னு நம்பிக் கூரைப் பணத்தைப் போட முடியாதுப்பா."

அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போட்டது இருக்கட்டும். மீதியப் போட வேண்டாம்" என்றார். என்மீது ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

2023 டிசம்பர் 7ஆம் நாள், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அந்தப் பருவத்துக்கு நிறுத்தும்படி மத்திய அரசு ஆலைகளுக்கு உத்தரவிட்டது. மழைக் குறைவால் சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சம் காரணம். சர்க்கரைப் பங்குகள் இறங்கின. எங்கள் பங்கும் இறங்கியது. அப்பா அக்கம்பக்கத்தில் என் அறிவைப் பாராட்டிப் பேசினார். நான் வெட்கப்பட்டேன். உத்தரவு வரும் என்று என் கணக்கு சொல்லவில்லையே! சில நாட்களில் அந்தத் தடை சற்றுத் தளர்ந்தது. 2024 ஆகஸ்டில் அடுத்த பருவத்துக்கு நீங்கியது. அதுவும் ஒரு மழைதான், வந்து போயிற்று.

பத்தாண்டுச் சராசரி நாள் குறித்துக் கொடுக்கும் சோதிடம் அன்று. 1996 டிசம்பரில் அமெரிக்க மைய வங்கியில் ஷில்லர் சந்தை மிக உயர்ந்துவிட்டது என்று எடுத்துரைத்தார். ஆனால் சந்தை அதன் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறி இரட்டிப்பாயிற்று. 2002 அக்டோபரில்தான் ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கு இறங்கி வந்தது. இடையில் அவரைக் கேலி செய்தவர்கள் எத்தனை பேரோ! எப்போது இறங்கும் என்று அந்த எண் சொல்லாது. நாம் கொடுக்கும் விலை எவ்வளவு நம்பிக்கையைச் சுமந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

நண்பர்களே, நாம் இருப்பது கடலூர். 2004இல் சுனாமி, 2011இல் தானே, 2015இல் பெருவெள்ளம். நல்ல ஆண்டைக் கண்டு மயங்காமலும் கெட்ட ஆண்டைக் கண்டு கலங்காமலும் இருக்க நம் முன்னோருக்குக் கடலும் காற்றும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அந்தப் பாடத்தை மூன்று கட்டங்களில் எழுதி வைத்திருந்தார், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத என் தாத்தா. நான் அதை நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. நான் முதுகலை படிக்கிறேன். அந்த ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கு இன்னும் அப்பாவின் கணக்கில் இருக்கிறது. ஒவ்வோராண்டும் அறிக்கை வந்ததும் என் நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன்: ஈட்டம், விலைக் குறியெண், இன்றைய ரூபாயில் எவ்வளவு. நான்காவதாக ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். அதன் தலைப்பு, "மழையா, மரமா?" அந்தக் கட்டத்தைத்தான் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் யோசித்து நிரப்புகிறேன்.