பொது வீடு

ஆங்கிலேயர் ‘பப்’ என்று சுருக்கி அழைப்பதன் முழுப்பெயர் ‘பப்ளிக் ஹவுஸ்’. நேராகத் தமிழாக்கினால் ‘பொது வீடு’ என்றாகும். மது விற்கும் இடத்துக்கு வீடென்று பெயரா என நம்மவர் வியப்பர். தரங்கம்பாடிக்காரனான எனக்கு அவ்வியப்பு சற்றுக் கூடுதலாகவே உண்டு. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சென்று நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால் எல்லை. 1974 இல் தமிழகத்தில் மதுவிலக்கு மீண்டும் வந்தபின், அவ்வெல்லையைத் தாண்டிப் போய்த் தள்ளாடித் திரும்பியவர்களைக் கண்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. பின்னர் 2003 இல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் நான் கண்ட காட்சி ஒன்றே: அவசரமாகக் குடித்துவிட்டு, தெரிந்த முகம் எதிர்ப்படாமல் இருக்கவேண்டுமே என்று தலைகவிழ்ந்து வெளியேறும் மனிதர்கள். அதை வீடென்று எவர் சொல்வார்?

2012 இல் இலண்டனின் வடமேற்குப் புறநகரான ஹாரோவில், மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் முதிய ஆங்கிலேயத் தம்பதியர் வாழ்ந்தனர். மகன் வெளியூர் சென்றிருந்த ஓர் இரவில் மருமகளுக்குப் பேறுவலி கண்டபோது, தம் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அந்தப் பெரியவர். என் பேரன் பிறந்த ஏழாம் வாரத்தில் அவர் காலமானார். அடக்கம் முடிந்தபின் உற்றாரும் நண்பரும் பப்பில் கூடி, இறந்தவரைப் பற்றிப் பேசிக் கலைவது அந்நாட்டில் பரவலான வழக்கம். வெதர்ஸ்பூன் என்னும் நிறுவனத்தின் விடுதியொன்றில் கூடுவதாக அம்மூதாட்டி தாமே வந்து அழைத்தார்.

“வாப்பா, வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிடுவோம். அங்கே நாம் போகவேண்டாமே” என்றான் மகன்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியுள்ளார்கள். அண்டை வீட்டார்க்குரிய கடமையை அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதும் நாம் அறிந்ததே. நமது மார்க்கத்தின் நிலையை மறைக்காமல் எடுத்துச் சொல்லும்படி மகனை அம்மூதாட்டியிடம் அனுப்பினேன். “தனி மேசை ஒன்று போடச் சொல்கிறேன். அந்த மேசைக்குத் தேநீரைத் தவிர வேறெதுவும் வராது” என்று அவர் சொல்லியனுப்பினார். சென்றோம்.

நம்மூர்க் கல்யாண மண்டபத்தைப் போன்று பரந்த கூடம். தரை முழுதும் பூவேலைக் கம்பளம். பாட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. 1979 இல் வடக்கு இலண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் டிம் மார்ட்டின் என்பவர் ஒரேயொரு கடையாகத் தொடங்கியது, இன்று ஏறத்தாழ எண்ணூறு கிளைகளாகப் பெருகியுள்ளது. மூடப்பட்ட திரையரங்குகளும் வங்கிகளும் இவர்கள் கையில் பப்புகளாகியிருக்கின்றன. பல கிளைகளின் பெயரில் ‘நிலா’ வருகிறது. அதன் பின்னே ஒரு கட்டுரை இருக்கிறது. நமது பீகார் மாநிலத்து மோதிகாரியில் 1903 இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946 இல் ‘நீருக்கடியில் நிலா’ என்ற பெயரில் தாம் விரும்பும் பப்பை வருணித்தார். பேசுவதற்கேற்ற அமைதி வேண்டும், பரிமாறுபவர்க்கு வருவோரின் பெயர் தெரிந்திருக்கவேண்டும் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, அப்படியொன்று உலகில் இல்லை என்று கடைசியில் போட்டுடைத்தார்! அமைதி என்ற ஒன்றை இந்நிறுவனத்தார் நிறைவேற்றியிருக்கிறார்கள். பெயரறிந்து அழைப்பது இவ்வளவு பெரிய கூடத்தில் நடக்கிற காரியமா?

பகல் பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை. கைநடுக்கத்தோடு அடுத்த கோப்பைக்கு எழுந்த ஒருவரைக் கண்டேன். மது எங்கும் மதுவே, கம்பளம் விரித்தால் அதன் குணம் மாறிவிடாது. ஆயினும் என் கண் அதிகம் சென்றது சுவரோர மேசைகளின் பக்கம். மேசைக்கு ஒருவராக முதியோர். எதிரே காப்பிக் கோப்பை, செய்தித்தாள். ஒருமுறை காசு கொடுத்தால் காப்பியை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாமாம். மாலைவரை இருப்பார்கள் என்றான் மகன். குளிர்நாளில் வீட்டுக் கணப்புக்கு ஆகும் செலவும் மிச்சமாம். இவர்களை அங்கே கொண்டுவந்தது குடியன்று. நாலு மனித முகங்கள். எங்கள் தெருத் திண்ணைகளில் அஸருக்குப் பின் கூடும் பெரியவர்களை எண்ணிக்கொண்டேன். அவர்களுக்கு அதற்கொரு கடை தேவைப்பட்டதில்லை. திண்ணைகளை இடித்து இரும்புக் கதவு போட்டுவரும் இக்காலத்தில், அவர்கள் எங்கே போவார்கள் என்பது வேறு கேள்வி.

உறவினர் கூட்டத்தை விட்டு மூதாட்டி எங்கள் மேசைக்கு வந்தார். கையில் தேநீர். எங்களுக்காகவே அதை எடுத்துவந்தார் என்பது புரிந்தது. பேரனை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த இரவுப் பயணத்தைக் கணவர் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னார் என்று விவரித்தார். அரைமணிக்கு மேல் எழவில்லை. பிறகு, “உங்கள் ஊரில் இதற்கு எங்கே கூடுவீர்கள்?” என்று கேட்டார்.

மய்யித்து வீட்டிலேயே கூடுவோம் என்றேன். அந்த வீட்டு அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள், ஆண்கள் திண்ணையிலும் வாசல் பந்தலிலும் அமர்வார்கள் என்று சொல்ல, மகன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான்.

“நல்ல வழக்கம். என் வீட்டில் அத்தனை பேருக்கு இடமில்லையே” என்றார்.

உண்மைதான். அந்த முன்னறையை நான் பார்த்திருக்கிறேன். நான்கு நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது.